சிவப்புச் சீட்டுப் பல்லி

பேச்சிராஜ் வடையை வெர்னியர் அளவுகோலால் அளந்த கதை எங்கள் கம்பெனியைத் தாண்டியும் ஒரகடத்தில் பரவியிருக்கிறது. பரவியதில் கொஞ்சம் கூடியும் விட்டது. இட்லியை அளந்தார், சாம்பாரில் முருங்கைக்காய்க்கு நீளம் பார்த்தார் என்றெல்லாம் சொல்கிறார்கள். அதெல்லாம் பொய். அளந்தது வடை மட்டும்தான். நாற்பது வடை.

அவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வயது முப்பத்தொன்று. லாரி பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மேசை அவருடையது. அந்த மேசையைத் தாண்டாமல் எந்தப் பீஸும் வெளியே போகாது. ஏழு வருஷத்தில் ஒரு கெட்ட பீஸை விட்டதில்லை, ஒரு நல்ல பீஸைத் தள்ளியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ரெக்கார்டுகளை அடுக்கி வைக்கும் வேலை என்னுடையது என்பதால், அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் தொல்லை.

அப்படிப்பட்ட ஆளைக் கேன்டீன் கமிட்டியில் போட்டது நிர்வாகத்தின் தவறு. மற்ற மெம்பர்கள் சாப்பிட்டுப் பார்த்து "உப்பு கொஞ்சம் கம்மி" என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர் நாற்பது வடையை வரிசையாக அடுக்கி விட்டம் எடுத்தார். பெரிய வடைக்கும் சின்ன வடைக்கும் பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்பது வடைகளில் ஓட்டை நடுவில் இல்லை. வடைத் தட்டின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

சிவப்புச் சீட்டு என்றால் தள்ளுபடி. எங்கள் கம்பெனியில் அதை ஒட்டியவர்தான் எடுக்க முடியும். அதற்கும் முன்னால் 'ஏன்-ஏன்' என்று ஒரு ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டும். தப்பு ஏன் நடந்தது என்று ஒரு கேள்வி. வரும் பதிலுக்கு மறுபடியும் ஏன். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவது ஏனுக்குள் ஆள் உண்மையைச் சொல்லிவிடுவான் என்பது நம்பிக்கை.

அந்த வடைக்குப் பொறுப்பு கேன்டீன் சூப்பர்வைசர் பெருந்தேவியக்கா. காஞ்சிபுரத்துக்காரர், பேச்சில் யாரிடமும் தோற்காதவர். மாத்தூரில் அவர் வீட்டு மாடியில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் குடியிருக்கிறோம். கீழே பக்கவாட்டு அறையில் பேச்சிராஜும் அவருடைய ரூம்மேட் மாரிசெல்வமும். ஆக, பேச்சிராஜ் சிவப்புச் சீட்டு ஒட்டியது தன் வீட்டுக்காரம்மாவின் வடை மேல்.

அன்று சாயங்காலம் மோட்டார் போட்டபோது அவர்கள் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

பல்லிக்கு வருகிறேன். பேச்சிராஜ் வளர்த்தது சுவரில் ஓடும் பல்லி அல்ல. லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, கொழுத்த வால், சிரித்த மாதிரி ஒரு வாய். இதற்குக் கண்ணிமை உண்டு, சிமிட்டும். சுவரில் ஏறத் தெரியாது. அவரிடம் ஓர் ஆண், ஒரு பெண். இரண்டுமே 'ஜெயண்ட்' என்ற பெரிய ஜாதி.

மறைமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வனமாமலை சார்தான் இந்த வட்டாரத்து கெக்கோக்காரர்களுக்குத் தலைவர். கடை மாடியில் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடுவார்கள். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. தன் வீட்டில் பிறந்த கெக்கோவை வளர்த்து, ஒரு வயது தாண்டி, எடையும் நீளமும் சபையில் நிறுத்துக் காட்டி, அது 'சூப்பர் ஜெயண்ட்' என்று நிரூபித்தால், அந்த வம்சம் பேரோடு நோட்டில் ஏறும். இதுவரை ஏறியிருப்பது மூன்று பேர்தான். நான்காவது பேர் தன்னுடையது என்று பேச்சிராஜ் கெக்கோக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டார். "அடுத்த வருட மீட்டிங்கில் சூப்பர் ஜெயண்டுடன் வருவேன்" என்று தேதியோடு. ஜோடி சேர்த்தே அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கம்பெனி பஸ்ஸில் பெருந்தேவியக்கா கேட்டார்: "அது இன்னாப்பா சூப்பரு? பெருசுக்கு மேல ஒரு பெருசா?"

பேச்சிராஜ் திரும்பி உட்கார்ந்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்.

"அக்கா, ஒவ்வொரு பல்லிக்கும் உள்ள ரெண்டு சீட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு அப்பன் குடுத்தது, ஒண்ணு ஆத்தா குடுத்தது. ரெண்டும் சாதா சீட்டுன்னா சாதா பல்லி. ஒண்ணு மட்டும் பெரிய சீட்டுன்னா ஜெயண்ட். ரெண்டுமே பெரிய சீட்டுன்னா சூப்பர் ஜெயண்ட்."

"உன் ஆம்பள பல்லிக்கு எத்தினி பெரிய சீட்டு?"

"ஒண்ணு."

"பொம்பளைக்கு?"

"அதுக்கும் ஒண்ணுதான்."

"ரெண்டும் சொல்லி வச்ச மாரி பெரிய சீட்டையே குடுத்துச்சுன்னா?"

"அதுதான்க்கா சூப்பர். நாலுல ஒண்ணு அப்படி வரும்."

பின் சீட்டிலிருந்து மாரிசெல்வம் எட்டிப் பார்த்தான். "அப்ப எட்டு முட்டைன்னா ரெண்டு. சோலி முடிஞ்சுதுல்லாண்ணே."

"அப்படி இல்லலே. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியா சீட்டு குலுக்கிப் போடுது. எட்டுலயும் வராமலும் போகலாம்."

பெருந்தேவியக்கா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "நாலுக்கு ஒண்ணு வரும்ன்ற. வராமயும் பூடும்ன்ற. இதே பேச்ச என் வடைக்கு நான் பேசியிருந்தா நீ ஒத்துக்கினு இருப்பியா?"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் தேவராஜன் அண்ணன், அதாவது அக்காவின் கணவர், கண்ணாடியில் பார்த்துச் சிரித்ததில் ஸ்பீடு பிரேக்கரைக் கவனிக்கவில்லை.

உண்மையில் இந்த இரண்டு சீட்டுக் கணக்கை வனமாமலை சாரே முழுசாக நம்புவதில்லை. பல சீட்டுகள் சேர்ந்துதான் உருவம் வருகிறது, தீனியும் சேர்த்தி என்று சொல்கிறவர்களும் உண்டு என்பார். பேச்சிராஜுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. கணக்கென்றால் விடை ஒன்றாக இருக்க வேண்டும்.

பல்லி வளர்க்க அக்கா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார். "அஞ்சு டப்பா. ஆறாவது டப்பா வந்துச்சு, நீயும் அதுங்களும் ஒண்ணா வெளிய போய்க்கினே இருக்க வேண்டியது." தாய் தகப்பனுக்கு இரண்டு டப்பா போக, குட்டிகளுக்கு மூன்றுதான் மிச்சம்.

பங்குனியில் முதல் இரண்டு முட்டைகள். மீன் அடைத்து வரும் தெர்மோகோல் பெட்டியில் சூட்டை ஒரே அளவில் வைக்கும் கருவி பொருத்தி இன்குபேட்டர் அவரே செய்திருந்தார். முப்பத்திரண்டு டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் ஆண், இருபத்தேழில் வைத்தால் பெண் என்பதால், முப்பத்திரண்டில் வைத்தார். எடை காட்ட ஆண்தான் வசதி. எல்லாம் சரி. ஆனால் பல்லி முட்டையைக் கோழி முட்டை மாதிரி உருட்டக் கூடாது. இட்ட நிலையிலேயே இருக்க வேண்டும், திருப்பினால் உள்ளே உயிர் போய்விடும். இது அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாக எந்தப் பீஸ் கைக்கு வந்தாலும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கீறல் பார்க்கிற கை அது. இரண்டு முட்டையையும் எடுத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, கீறல் இல்லை என்று திருப்தியாகித் திரும்ப வைத்தார். இரண்டும் அழுகிப்போயின.

அடுத்த ஆறு முட்டைகளை மாரிசெல்வம்தான் எடுத்து வைத்தான். அப்போது பேச்சிராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆறும் பொரித்தன.

ஒவ்வொன்றும் பொரித்த மறுநாளே இன்ஸ்பெக்‌ஷன். சின்னத் தராசு, ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர். எடை, நீளம், தலை அகலம் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினார். கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் இரும்பை வந்த அன்றே அளந்து, அளவு குறைந்ததை அன்றே திருப்பி அனுப்புவதுதான் முறை. ஆகஸ்டில் கடைசியாக வந்த குட்டி இரண்டரை கிராம்கூட இல்லை. அண்ணன்மார்கள் மூன்றரை. பேச்சிராஜ் பெரிய மூன்றை வைத்துக்கொண்டார். நடுத்தரம் இரண்டைத் தண்டலம் பக்கத்துக் காலேஜ் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். கடைசிக் குட்டியின் டப்பா மேல் கம்பெனி வழக்கப்படி ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டி வாசலில் வைத்தார், யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று.

பெருந்தேவியக்கா கோலத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு இன்னா?"

"அளவு இல்லக்கா. தள்ளிட்டேன்."

"பொறந்து எத்தினி நாள் ஆச்சு?"

"ஒரு நாள்."

"நீ பொறந்து ஒரு நாள்ல எவ்ளோ இருந்தியாம்?"

பேச்சிராஜின் நோட்டில் அந்தக் கட்டம் இல்லை.

"எங்க ஊரு பெருமாள் கோயில்ல பல்லியத் தொட்டுக் கும்பிட ஜனங்க க்யூல நிக்கிதுங்க. நீ அதுக்கு ரிஜெக்ட் சீட்டு ஒட்டி வாசல்ல கடாசி வச்சிகீற," என்று டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது சீட்டைக் கிழிக்கவில்லை. அதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கோபத்தில் மறந்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன்.

அதன்பிறகு அந்தக் குட்டியைப் பேச்சிராஜ் பார்க்கவில்லை. ஆண் குடித்தனக்காரர்கள் அக்கா வீட்டுக்குள் வருவதில்லை, வாசலோடு சரி. பெண்கள் நாங்கள் போவோம். இஸ்திரிப் பெட்டி வாங்க, ஃப்ரிட்ஜில் மாவு வைக்க. டப்பா சமையலறை அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது மாதம் அது ஊறுகாய் ஜாடிகளைத் தள்ளிவிட்டுப் பெரிய டப்பாவாகியிருந்தது. ஆறாவது மாதம் இன்னும் பெரியது. சிவப்புச் சீட்டை மட்டும் அக்கா பழைய டப்பாவிலிருந்து நுனி கிழியாமல் எடுத்துப் புதியதில் ஒட்டிக்கொண்டே வந்தார்.

"அக்கா, இது..." என்று ஒருநாள் ஆரம்பித்தேன்.

"உங்கிட்ட யார்னா கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டா சொல்லு."

யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தீனிக்கான புழுவைப் பேச்சிராஜ்தான் தவிட்டில் வளர்த்து வந்தார். அக்கா வாரம் ஒரு முறை வாசலில் நின்று ஒரு கிண்ணத்தை நீட்டுவார். கிண்ணம் டம்ளராயிற்று, டம்ளர் செம்பாயிற்று.

"தள்ளுன பல்லிக்கு இவ்வளவு பசியாக்கா?"

"ரிஜெக்ட்டாச்சேன்னு கவலையில துன்னுது."

"ரொம்ப குடுக்காதீங்க. கொழுத்துப் போயிரும். கொழுப்பு வேற, உருவம் வேற. வால் கழுத்தவிட மொத்தமாயிட்டா கொழுப்புன்னு அர்த்தம்."

"அப்டியா," என்றார் அக்கா, ரொம்பப் பணிவாக. "உனக்கு எல்லாம் தெரியுது."

ஒரு வருஷம் முடிந்தது. பேச்சிராஜ் தன் மூன்றையும் நிறுத்தார். ஒன்று எண்பத்தெட்டு கிராம். ஒன்று எண்பத்திரண்டு. ஒன்று அறுபத்தொன்று. இரண்டு ஜெயண்ட், ஒரு சாதா. சூப்பர் என்றால் நூற்றுப்பத்தாவது வேண்டும். தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தார். பேட்டரி மாற்றி நிறுத்தார். காலேஜ் பையன்களிடம் போன் போட்டுக் கேட்டார். அங்கேயும் அறுபதும் எண்பதும்தான். தராசில் தப்பே இல்லை என்று தெரிந்ததும் ரெண்டு நாள் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

மீட்டிங்குக்குப் பத்து நாள் இருந்தது. குரூப்பில் வனமாமலை சார் எழுதியிருந்தார்: "பேச்சிராஜ் தம்பிக்காக நோட்டில் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்." அதற்கு நாற்பது பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள்.

"வயித்துவலின்னு சொல்லிரலாம்ணே," என்றான் மாரிசெல்வம்.

"வலிக்கத்தாம்லே செய்யுது."

ஆறாவது குட்டி ஒன்று இருந்ததே என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தள்ளிய பீஸை அவர் திரும்ப நினைப்பதில்லை. அதுதான் அவருடைய பயிற்சி.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். அன்று மட்டும் அக்கா எல்லாக் குடித்தனக்காரர்களையும் ஹாலுக்குள் கூப்பிடுவார். பொரி, கடலை, சுண்டல். பூஜையில் தேவராஜன் அண்ணனின் பஸ் சாவி, அக்காவின் வடைக் கரண்டி, என்னுடைய ஸ்டேப்ளர், பேச்சிராஜின் வெர்னியர். நடுவில் புதுத் துண்டு போட்டு மூடிய ஒரு பெரிய டப்பா.

"இது என்னதுக்கா?" என்றார் பேச்சிராஜ், பொரியை மென்றபடி.

"தொறந்து பாரேன். ஆயுதந்தான்."

துண்டை எடுத்தார். முதலில் தெரிந்தது சிவப்புச் சீட்டு. வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. தேதி அவர் கையெழுத்து. அதற்குக் கீழே, டப்பாவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை படுத்திருந்தது அந்தக் கடைசிக் குட்டி. தலையில் ஒரு துளி குங்குமம். அது நிதானமாகத் தலையைத் தூக்கி, அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

பேச்சிராஜ் மெல்வதை நிறுத்தினார்.

"கொழுப்பு," என்றார் கடைசியில். "புழுவாக் குடுத்துக் கொழுக்க வச்சிருக்கீங்க."

"வால பாரு. நீதான சொன்ன."

வால் கழுத்தைவிட மெலிதாகத்தான் இருந்தது. தராசு வந்தது. நூற்றுப் பதினெட்டு கிராம். ஸ்கேலில் மூக்கிலிருந்து வால் நுனி வரை இருபத்தெட்டரை சென்டிமீட்டர். வால் நீங்கலாக உடம்பை மட்டும் அளக்க, பூஜையிலிருந்த வெர்னியரை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். பதினைந்து சென்டிமீட்டர் வெர்னியர் அது. முழுக்கத் திறந்தும் பல்லிக்குப் போதவில்லை. இன்னொரு தடவை திறந்து பார்த்தார். அதற்கு மேல் அது திறப்பதாக இல்லை.

"அண்ணே, சூப்பரு," என்றான் மாரிசெல்வம் மெதுவாக.

பேச்சிராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சந்தோஷம் வந்து, பாதியில் நின்று, வேறு ஏதோவாக மாறியது. ஏழு வருஷத்தில் ஒரு நல்ல பீஸைத் தள்ளியதில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் குடுங்க. பத்திரமாக் கொண்டாந்துருதேன்."

"குடுக்கலாம். ஆனா சீட்டு ஒட்டிகினு கீதே. ரிஜெக்ட் ஆன மாலு வெளிய போவக் கூடாதுல்ல?"

"எடுத்துருதேன்." கை சீட்டின் மேல் போயிற்று.

"ஃபாரம் இல்லாமயா? கம்பெனி ரூலு இன்னாச்சு?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அம்மாடி, அத்த எட்தா."

ஏன்-ஏன் ஃபாரம் என் பையிலேயே இருந்தது. முந்தைய நாளே ஒன்று பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் இரண்டாக எடுத்திருந்தேன், அடித்தல் திருத்தல் வந்தால் வேண்டுமே என்று. பேச்சிராஜ் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நான் பேனாவையும் கொடுத்தேன்.

அக்கா சுண்டல் கிண்ணத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எழுது. நல்ல பீஸ ஏன் தள்ளுன?"

"எடை குறைவு."

"ஏன் கொறைவு?"

"பொறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்துச்சு."

"ஒரு நாள் புள்ளய ஏன் நிறுத்த?"

"வந்த அன்னைக்கே நிறுக்கதுதான் முறை."

"அது எதுக்கான மொற?"

"இரும்புக்கு." பேனா நின்றது. "இரும்பு வளராதுல்லா."

"இது வளரும்னு தெரியாதா?"

"தெரியும்க்கா. ஜெயண்ட் எதுன்னு ஒரு வருஷத்துக்கு முன்னாடி சொல்லவே முடியாதுன்னு நானே குரூப்புல எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏன்?"

பேனாவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மாரிசெல்வம் பொரி கொறிப்பதைக்கூட நிறுத்திவிட்டான். ஒரு வரி எழுதி, ஃபாரத்தை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார்: 'கையில் வெர்னியர் இருந்தது.'

"கடைசியா ஒண்ணு. என் வடைய ஏன் அளந்த?"

"ஃபாரத்துல இதுக்கு மேல இடம் இல்லக்கா."

"வாயால சொல்லு."

"அதுக்கும் அதே பதில்தான்."

அக்கா ஒரு கை சுண்டலை அவர் கிண்ணத்தில் போட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக நடந்த சண்டை அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். பல்லி தனியாகப் போகாதாம். டப்பா அவர் மடியில். சீட்டு எடுக்கப்படவில்லை. ஃபாரம் பூர்த்தியானால் எடுக்கலாம் என்றுதான் ரூல், எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை என்றார். அந்த ஃபாரத்தை நானே படித்ததில்லை, அவர் படித்திருந்தார்.

மறைமலை நகர் ஜெராக்ஸ் கடை மாடியில் முப்பது பேர். வனமாமலை சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே நிறுத்தார், தானே அளந்தார். தலையைத் தடவினார். வாலைப் பார்த்தார். தாய் தகப்பன் விவரம் கேட்டார். பொரித்த நாளின் நோட்டைப் புரட்டி, இரண்டரை கிராம்கூட இல்லாத கட்டத்தைக் கண்டதும் பேச்சிராஜை நிமிர்ந்து பார்த்தார். பேச்சிராஜ் சீலிங் ஃபேனைப் பார்த்தார். பிறகு சார் நீல நோட்டைத் திறந்து, காலியாக விட்டிருந்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்: வளர்ப்பாளர், ந. பேச்சிராஜ். பேச்சிராஜ் எட்டிப் பார்த்து எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

"இந்தப் பல்லி பேர் என்ன? அந்தப் பேர்லதான் வம்சம் போகும்."

பேச்சிராஜ் இதற்காக ஒரு வருஷமாக ஒரு பேர் வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"ரிஜெக்ட்டு," என்றார் பெருந்தேவியக்கா.

"அக்கா, வேற நல்ல பேரா..."

"பதினாலு மாசமா அந்தப் பேர சொல்லித்தான் சோறு வச்சிகீறேன். தோ, ஒட்டிகீது பாரு. உன் கையெழுத்துதான?"

வனமாமலை சார் சீட்டைக் குனிந்து படித்தார். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தது. ஆவணம் இருக்கும்போது வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை என்று பேச்சிராஜே பல தடவை சொல்லியிருக்கிறார். சார் பேனாவால் அழுத்தி எழுதினார்.

இப்போது ரிஜெக்ட்டின் குட்டிகள் மறைமலை நகரிலும் தண்டலத்திலும் கோயம்புத்தூரிலும் வளர்கின்றன. பெருந்தேவியக்கா டப்பாக் கணக்கை ஐந்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திவிட்டார். குட்டி பொரித்தால் வெர்னியர் ஒரு வருஷத்துக்கு அவருடைய பீரோவில். கம்பெனி வேலைக்குப் பேச்சிராஜ் காலையில் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

போன வாரம் குரூப்பில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படம் போட்டிருந்தார். "என்னிடம் இருப்பது சுத்தமான ரிஜெக்ட். சந்தேகம் இருந்தால் ஒரகடம் பேச்சிராஜ் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளவும்." அதற்குக் கீழே பேச்சிராஜ் ஏதோ டைப் செய்துகொண்டிருப்பதாக நெடுநேரம் காட்டியது. கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.